சி மொழியில் மாக்குரோவும் இன்லைன் சார்பும்

கணினிக்கு ஆணையிடுதற்கென வகுக்கப்பட்ட மொழிகள் பலவற்றுள் சி மொழி தனிச்சிறப்பு வாய்ந்தது. அரை நூற்றாண்டின் முன் தோன்றிய அம்மொழி இன்றும் வழக்கொழியாது நிலவுகின்றது. லினக்சு என்னும் பணிசெயல் முறைமையின் கரு பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. சலவைப்பொறி முதல் மருத்துவமனைக் கருவி வரை உள்ள பொறிகளினுள் அமைந்த சிறு கணினிகள் பல அம்மொழி கொண்டே இயக்கப்படுகின்றன. எமது கல்லூரியிற் பயின்று பொறியியலும் கணினியியலும் கற்கப் புகும் மாணவர் பலர் இம்மொழியை எதிர்ப்படுகின்றனர். அங்ஙனம் எதிர்ப்படுவோர்க்கு விரைவில் எழும் வினா ஒன்றுண்டு. சிறியதொரு கணிப்பைச் செய்நிரலின் பலவிடத்தும் பயன்படுத்த வேண்டின், அதனை மாக்குரோவாக எழுதுவதா, அன்றி இன்லைன் சார்பாக எழுதுவதா என்பதே அவ்வினா.

தமிழாசிரியர் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பளித்தல் கூடும். ஆயின், இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு எண்ணின்பாற் பட்டதன்று, சொல்லின்பாற் பட்டதேயாம். ஒரு சொல் நின்ற இடத்தில் அதனை எடுத்துவிட்டு வேறு சொற்களைப் பெய்தல் ஒன்று. அச்சொல்லின் பொருளைத் தெளிந்து, தெளிந்த பொருளை வழங்குதல் மற்றொன்று. செய்யுளுக்குச் சொற்பிரித்துப் பொருள் கூறிப் பழகியவர், சொற்களை ஒட்டும் இடமும் பிரிக்கும் இடமும் மாறின் பொருள் எவ்வளவு வேறுபடும் என்பதை நன்கறிவர். அவ்வறிவே இப்பொருளை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணையாகும்.

மாக்குரோ தோன்றிய வரலாறு

சி மொழியை ஆக்கியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த டெனிஸ் றிச்சி என்பார். அம்மொழி உருப்பெற்றதில் 1972ஆம் ஆண்டே முதன்மையானது. அதற்குச் சற்றுப் பின், 1973ஆம் ஆண்டையொட்டி, முன்செயலி என்னும் உறுப்பு அம்மொழியுடன் சேர்ந்தது. அலன் சினைடர் என்பாரின் தூண்டுதல் அதற்கு ஒரு காரணமாயிற்று. தொடக்கத்தில் முன்செயலி இரண்டு பணிகளையே செய்தது: வேறொரு கோப்பை உட்கொணர்தல் ஒன்று, ஒரு பெயருக்குப் பதிலாக ஒரு சொற்றொடரை இடுதல் மற்றொன்று. பின்னர் மைக் லெஸ்க், யோன் றைசர் என்போர் அதனை விரித்தனர். அவ்விரிவினாலேயே பரமானங்களை ஏற்கும் மாக்குரோக்கள் வழக்கிற்கு வந்தன.

இன்லைன் சார்போ மிகவும் பிந்தியது. சி++ மொழியிலும் சில தொகுப்பிகளிலும் முன்னரே வழங்கிய அது, சி மொழியின் நியமத்தினுள் 1999ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. எனவே ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்நிரலாளர்க்கு இவ்வகையில் மாக்குரோ ஒன்றே நியமத்தின் வழிப்பட்ட கருவியாக இருந்தது. பழைய செய்நிரல்களில் மாக்குரோக்கள் மலிந்து கிடப்பதற்கு இதுவே காரணமாகும். அவற்றை எழுதியோர் அறியாது எழுதினாரல்லர். அக்காலத்து அவர் கையிலிருந்தது அதுவே.

சார்பு என்பது யாது? ஒரு கணிப்பைத் தனியே எழுதிப் பெயரிட்டு, வேண்டும்போது அப்பெயரால் அழைப்பது. அழைக்குந்தோறும் கணினி சில பணிகளைச் செய்தல் வேண்டும். பரமானங்களின் பெறுமானங்களை உரிய இடத்தில் வைத்தல், திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளல், சார்பு இருக்கும் இடத்திற்குத் தாவுதல், பணி முடிந்தபின் மீளல் என்பன அவை. நீண்ட கணிப்பிற்கு இச்செலவு பொருட்டன்று. ஈரெண்களைக் கூட்டுவது போன்ற சிறு கணிப்பிற்கோ, கூலி பொருளின் விலையை விஞ்சிவிடும். பழைய கணினிகளில் இச்செலவு பெரிதாகத் தோன்றியது. மாக்குரோ இச்செலவை முற்றாக ஒழித்தது. ஏனெனில் அங்கு அழைப்பென்பதே இல்லை.

மாக்குரோ தொழிற்படும் முறை

முன்செயலி, தொகுப்பிக்கு முன் நின்று செய்நிரலைப் படிக்கின்றது. அது சொற்களையும் குறிகளையும் அறியுமேயன்றி, எண்ணையும் கணிப்பையும் அறியாது. மாக்குரோவின் பெயரைக் கண்டவுடன், அதன் விரிவை அவ்விடத்திற் பெய்துவிடும். பரமானமாக நாம் தந்ததையும் தந்தவாறே எழுத்துக்கு எழுத்து விரிவினுள் இட்டுவிடும். தொகுப்பி பின்னர்க் காண்பது நாம் எழுதியதையன்று, முன்செயலி எழுதியதையே.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். சி மொழி ஆங்கில எழுத்துக்களைக் கொண்டது. எனினும் விளக்கத்தின் பொருட்டு ஈண்டுத் தமிழெழுத்துக்களையே பயன்படுத்துகின்றோம். வர்க்கம் என்னும் மாக்குரோவை இவ்வாறு வரையறுத்ததாகக் கொள்க:

வர்க்கம்(க) என்பது க × க

வர்க்கம்(5) என எழுதின் 5 × 5 என விரிந்து 25 கிடைக்கும். குறையொன்றுமில்லை. ஆயின் வர்க்கம்(2 + 3) என எழுதின் விளைவு யாது? முன்செயலி 2 + 3 என்பதை 5 எனக் கணியாது. அதனை அப்படியே இடும். விரிவு 2 + 3 × 2 + 3 என்றாகும். பெருக்கல் கூட்டலுக்கு முந்துமாதலின், விடை 11. ஐந்தின் வர்க்கம் பதினொன்றாயிற்று!

பரமானத்தை அடைப்பினுள் இட்டால் இக்குறை நீங்கும். அஃதாவது வர்க்கம்(க) என்பதை (க) × (க) என வரையறுத்தல். ஆயின் அதுவும் போதாது. 100 ÷ வர்க்கம்(5) என்பதன் விடை 4 ஆதல் வேண்டும். விரிவோ 100 ÷ (5) × (5) என்றாகி, இடமிருந்து வலமாகக் கணிக்கப்பட்டு 100 என்னும் விடையைத் தரும். ஆகவே விரிவு முழுவதையும் சுற்றி மற்றோர் அடைப்பும் வேண்டும். ((க) × (க)) என்பதே பிழையற்ற வடிவம். பதம் பிரித்து எழுதாத ஏட்டுச் சுவடியில் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்னும் ஐயம் எழுவதுபோல, அடைப்பில்லாத மாக்குரோவிலும் எல்லை குழம்புகின்றது.

அடைப்பினாலும் தீராத குறை

மேற்கூறிய குறைகள் அடைப்பினால் தீர்வன. அடைப்பினால் தீராத குறையொன்று உண்டு. அதுவே நாம் பெரிதும் அஞ்சற்பாலது.

பெரியது என்னும் மாக்குரோவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பரமானங்களுள் பெரியதைத் தருவது அதன் பணி. (க) > (ச) ஆயின் (க). இன்றேல் (ச) என்பது அதன் விரிவு. இவ்விரிவில் ஒவ்வொரு பரமானமும் இருமுறை எழுதப்பட்டிருத்தலை நோக்குக. ஒப்பிடுதற்கு ஒருமுறை, விடையாகத் தருதற்கு மற்றொருமுறை.

இனி, ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியலை வாசிக்கும் செய்நிரலைக் கருதுவோம். அடுத்தது என்னுஞ் சார்பு, அழைக்குந்தோறும் பட்டியலிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துத் தருகின்றது. பட்டியலில் 72, 31, 64 என்பன நிற்கின்றன. ஐம்பதிற் குறைந்த புள்ளியை ஐம்பதாக உயர்த்த எண்ணிய ஒருவர், பெரியது(அடுத்தது, 50) என எழுதுகின்றார். முதலில் ஒப்பீடு நிகழ்கின்றது. அடுத்தது 72ஐத் தருகின்றது. அது 50இலும் பெரிது. ஆதலால் விடையாகப் பரமானம் மீண்டும் கணிக்கப்படுகின்றது. அடுத்தது இப்போது 31ஐத் தருகின்றது. விடை 31. முதல் மாணவன் பெற்ற 72 மறைந்தது. அவன் பெயருக்கு நேரே மற்றொருவன் புள்ளி பதிவாயிற்று. ஐம்பதிற் குறையாத எண்ணைத் தரவேண்டிய மாக்குரோ, ஐம்பதிற் குறைந்ததைத் தந்தது. அதன்பின் பட்டியல் முழுவதும் இடம்பெயர்ந்து செல்லும்.

இதில் அச்சந் தருவது யாதெனின், தொகுப்பி இதனைப் பிழையென்று கூறாமையே. இலக்கண வழு எதுவும் இதிலில்லை. செய்நிரல் தடையின்றி ஓடும், விடைகளும் வரும், அவை தவறானவை என்பது எவரேனும் கையாற் சரிபார்த்தாலன்றித் தெரியாது. இன்னும் கொடியதும் உண்டு. மாறியின் பெறுமானத்தை ஒன்றாற் கூட்டும் கோவையை மேற்கூறிய வர்க்கம் என்னும் மாக்குரோவினுள் இடின், ஒரே மாறி ஒழுங்கு வரையறையின்றி இருமுறை மாற்றப்படும். அவ்வழி விளைவு யாதென நியமமே கூறாது கைவிடுகின்றது.

இது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. சி மொழியின் நியம நூலகத்தில், கோப்பிலிருந்து ஓர் எழுத்தை வாசிக்கும் கெற்சி என்பது மாக்குரோவாக அமையலாம் என்றும், அங்ஙனம் அமையின் பரமானம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணிக்கப்படலாம் என்றும் நியமமே எச்சரிக்கின்றது. மாணவர் அறிவியற் கண்காட்சிகளுக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகைகளின் நூலகத்திலும் பெரியது, சிறியது காணும் உறுப்புக்கள் மாக்குரோக்களாகவே அமைந்துள்ளன. அவற்றின் அடைப்பினுள் வேறு சார்புகளை இடாதீர் என அவற்றுக்குரிய கையேடு அறிவுறுத்துகின்றது. மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரியின் அளவீட்டை நேரே அடைப்பினுள் இட்ட மாணவன், இருமுறை அளந்து இரண்டாவதை விடையாகப் பெறுவான். முதலில் அளந்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அம்மாறியை அடைப்பினுள் இடுவதே தக்கது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஆணைகளைக் கொண்ட மாக்குரோவும் இடர் விளைப்பது. மணியை ஒலி, பொறியை நிறுத்து என்னும் ஈராணைகளை எச்சரி என்னும் பெயரால் மாக்குரோவாக்கியதாகக் கொள்க. நீர் குறைந்தால் எச்சரி என எழுதின், நீர் குறைந்தால் என்னும் நிபந்தனை முதலாணையை மட்டுமே தழுவும். இரண்டாவது ஆணை நிபந்தனைக்குப் புறம்பாய் நிற்கும். நீர் நிறைந்திருக்கும்போதும் மணி ஒலியாமலே பொறி நின்றுவிடும். இதனைத் தவிர்க்க, ஈராணைகளையும் ஒருமுறை மட்டும் நிகழும் சுழற்சியொன்றினுள் பொதிந்து எழுதும் வழக்கம் செய்நிரலாளரிடை உண்டு. அது பயன் தருவதே; எனினும் ஒரு குறையை மறைக்க இத்துணைச் சூழ்ச்சி வேண்டியிருத்தல் கருதத்தக்கது.

இன்லைன் சார்பின் இயல்பு

இனி இன்லைன் சார்பை நோக்குவாம். இது முற்றும் சார்பே. சார்பிற்குரிய இலக்கணம் யாவும் இதற்குண்டு. பரமானம் முதலிற் கணிக்கப்படும். அதுவும் ஒருமுறை மட்டுமே கணிக்கப்படும். கணித்த பெறுமானமே உட்செல்லும். வர்க்கம்(2 + 3) என்பது 5ஐ உட்கொண்டு 25ஐயே தரும். பெரியது(அடுத்தது, 50) என்பது 72ஐ ஒருமுறை வாசித்து 72ஐயே தரும். தரவு வகை இன்னதென்பதைத் தொகுப்பி அறிந்து, பொருந்தாதது வரின் பல வேளைகளிற் சுட்டிக்காட்டும். வழு நேர்ந்தவிடத்து வழுநீக்கியைக் கொண்டு சார்பினுள்ளே படிப்படியாகச் சென்று பார்த்தலும் இயலும்.

இவற்றுடன், அழைப்பிற்குரிய செலவையும் தவிர்க்குமாறு தொகுப்பியை வேண்டிக்கொள்வதே இன்லைன் என்னும் அடைமொழியின் கருத்து. தொகுப்பி சார்பின் உடலை அழைத்த இடத்திலேயே விரித்து வைக்கும். மாக்குரோவும் விரிகின்றது, இதுவும் விரிகின்றது. வேறுபாடு யாதெனின், மாக்குரோவைச் சொல்லளவில் விரிப்பது முன்செயலி. இன்லைன் சார்பைப் பொருளறிந்து விரிப்பது தொகுப்பி.

ஈண்டு மூன்று செய்திகள் மனங்கொளத்தக்கன. முதலாவது, இன்லைன் என்பது கட்டளையன்று, வேண்டுகோளே. தொகுப்பி அதனை ஏற்கலாம், ஏலாதும் விடலாம். மறுதலையாக, அவ்வடைமொழி இல்லாத சிறு சார்பையும், சீர்மையாக்கம் வேண்டித் தொகுக்கும்போது, இக்காலத் தொகுப்பிகள் தாமே விரித்துவிடுகின்றன. சீர்மையாக்கம் வேண்டாது தொகுப்பின், ஜீ.சீ.சீ. என்னும் தொகுப்பி இன்லைன் என எழுதியதையும் வெறும் அழைப்பாகவே விட்டுவிடும்.

இரண்டாவது, 1999ஆம் ஆண்டு நியமத்தின்படி, இன்லைன் என்பதை மட்டும் இட்டு வரையறுத்த சார்பிற்கு வெளியில் நிற்கும் தனி வரையறை தானே உண்டாவதில்லை. தொகுப்பி அதனை விரியாது விடின், இணைப்பி அப்பெயரைத் தேடிக் காணாது பிழை கூறும். சீர்மையாக்கம் இருக்கும்போது மறைந்தும் இல்லாதபோது தோன்றியும் மாணவரை மயக்கும் பிழை இது. தலைக்கோப்பில் எழுதும்போது ஸ்டற்றிக் இன்லைன் என இரண்டு அடைமொழிகளையும் சேர்த்து எழுதின் இம்மயக்கம் நேராது.

மூன்றாவது, சார்பு தரவு வகைக்குக் கட்டுப்பட்டது. முழுவெண்ணுக்கென எழுதிய வர்க்கத்திற்கு 2.5 என்பதைத் தந்தால், தசமப் பகுதி கழிந்து 2 மட்டும் உட்சென்று 4 என்னும் விடை வரும். உண்மை விடை 6.25. இயல்பான நிலையில் தொகுப்பி இதனைச் சுட்டாது விடுதலும் உண்டு. மாக்குரோவோ எவ்வகைத் தரவையும் ஏற்கும். ஆகவே இன்லைன் சார்பு எல்லாக் குறையும் தீர்ந்த மருந்தென எண்ணிவிடலாகாது.

மாக்குரோவே வேண்டுமிடங்கள்

மாக்குரோவை முற்றாக விலக்குக என்பது எமது கருத்தன்று. சொல்லையே பொருளாகக் கொண்டு செய்யவேண்டிய பணிகள் சில உள. அவற்றை மாக்குரோவே செய்யும். அசேட் என்பதனை உதாரணமாகக் கூறலாம். ஒரு நிபந்தனை மெய்யாதல் வேண்டும் என அதனால் உரைக்கின்றோம். அது பொய்யாயின், எந்த நிபந்தனை, எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி என்பவற்றை அச்சிட்டுச் செய்நிரல் நிற்கும். நிபந்தனையின் சொற்களை எழுதியவாறே அச்சிடுதலும், அழைத்த இடத்தின் வரியெண்ணைத் தானே அறிதலும் சாதாரண சார்பிற்கு இயலாதன. அதற்குப் பெறுமானம் மட்டுமே சென்று சேருமன்றோ. செய்நிரலின் ஒரு பகுதியை ஓரிடத்திற் சேர்த்து மற்றோரிடத்தில் நீக்குதலும், ஒரே தலைக்கோப்பு இருமுறை உட்புகாது காத்தலும் முன்செயலிக்கே உரியன.

லினக்சுக் கருவை எழுதுவோர்க்கென வகுத்த நடைக்கையேடு, சார்பு போன்று வழங்கும் மாக்குரோவினும் இன்லைன் சார்பே விரும்பத்தக்கது என்கின்றது. இன்லைன் என்பதை அளவிறந்து வழங்குதலையும் அது கண்டித்து, மூன்று வரிக்கு மேற்பட்ட சார்பிற்கு அவ்வடைமொழி பொதுவாக வேண்டா என்கின்றது. எனினும் அக்கருவினுள்ளேயே பெரியது, சிறியது காணும் உறுப்புக்கள் மாக்குரோக்களாகவே உள்ளன. எத்தரவு வகைக்கும் அவை பொருந்தவேண்டியதே காரணம். இருமுறை கணித்தலைத் தவிர்க்கவும், வகை பொருந்துகின்றதா எனச் சோதிக்கவும் அவற்றினுள் பல நுட்பங்கள் சேர்க்கப்பட்டன. அதனால் விரிவு நீண்டது. ஒரு மாக்குரோவினுள் மற்றொன்றும் அதனுள் வேறொன்றுமாக அமையும்போது விரிவு பன்மடங்காகும். பரமானத்தை இருமுறை எழுதும் எளிய மாக்குரோவே மூன்றடுக்கானால் உள்ளிருப்பது எட்டுமுறை எழுதப்படும். பத்தடுக்கானால் 1024 முறை. 2024ஆம் ஆண்டில், அக்கருவின் ஒரேயொரு வரி இவ்வாறு விரிந்து 47 மெகாபைற் அளவினதாயிற்று எனக் கண்டறியப்பட்டு, அம்மாக்குரோக்கள் எளிமையாக்கப்பட்டன. கைதேர்ந்தோர் எழுதிய மாக்குரோவும் தன் எல்லையை மீறும் என்பதற்கு இது தக்க சான்று.

தெரியும் முறை

இதுகாறும் கூறியவற்றால், மாணவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு ஒன்று பெறப்படுகின்றது. மாறாத எண்ணொன்றுக்குப் பெயரிட வேண்டின், முழுவெண்ணாயின் ஈனம் என்னும் எண்ணீட்டு வகையைக் கொள்க. 2024ஆம் ஆண்டு வெளிவந்த நியமம், கொன்ஸ்டெக்ஸ்பர் என்னும் அடைமொழியால் ஏனைய வகை மாறிலிகளுக்கும் வழி வகுத்துள்ளது. கணிப்பொன்றைப் பெயரிட வேண்டின் முதலிற் சாதாரண சார்பாகவே எழுதுக. அது சிறிதாயும், பல கோப்புக்களில் அடிக்கடி வழங்குவதாயும் இருப்பின், தலைக்கோப்பில் ஸ்டற்றிக் இன்லைன் சார்பாக அமைக்க. விரைவு வேண்டுமென்று கூறுமுன், கணினி உண்மையில் எங்கே நேரத்தைச் செலவிடுகின்றது என அளந்து பார்க்க. சார்பினாற் செய்ய இயலாத பணி என்பது உறுதியானபின்னரே மாக்குரோவை நாடுக.

அங்ஙனம் நாடுமிடத்தும், பெயரைப் பெரிய எழுத்துக்களால் எழுதுக. அது மாக்குரோ என்பதைப் படிப்போர் கண்டவுடன் அறிவர். ஒவ்வொரு பரமானத்தையும் முழு விரிவையும் அடைப்பினுள் இடுக. பரமானத்தை விரிவினுள் ஒருமுறைக்கு மேல் எழுதாதிருக்க முயல்க. இயலாதாயின் அதனை அருகே குறிப்பாக எழுதி வைக்க. ஐயம் நேரின், முன்செயலியின் வெளியீட்டை மட்டும் தனியே எடுத்துத் தருமாறு தொகுப்பியைப் பணித்து, விரிந்ததைக் கண்ணாற் காண்க. கருதியதற்கும் விரிந்ததற்கும் உள்ள வேறுபாடு அப்போது தெளிவாகும்.

நன்னூலார் நூலுக்குரிய அழகு பத்தினைத் தொகுத்தவிடத்துச் சுருக்கத்தை அடுத்து விளக்கத்தை வைத்தார். சுருக்கம் மட்டும் அழகாகாது என்பது அவ்வடைவாற் பெறப்படும். செய்நிரலை ஒருவர் ஒருமுறை எழுதுகின்றார். அதனைத் திருத்தவும் விரிக்கவும் வேண்டிப் பலர் பலமுறை படிக்கின்றனர். எழுதியவர் வேறிடம் சென்றபின், அவர் கருதியது யாதென அவரை வினாவ இயலாது. எழுதியவாறே பொருள் தரும் சார்பு அவர்க்குத் துணை செய்யும். எழுதியதொன்றும் விரிவதொன்றுமாகிய மாக்குரோ அவரை வழிமயங்கச் செய்யும். எமது கல்லூரி மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொண்டு, தம் கையிலிருந்து செல்லும் செய்நிரல்களைப் பிறர் அச்சமின்றி எடுத்தாளும் வண்ணம் எழுதிப் பழகுவாராக.